கண்டது இங்கே, எழுதியது எங்கோ

1900ஆம் ஆண்டில் பாரிஸிலிருந்து வந்துகொண்டிருந்த சிப்பியியல் இதழ் ஒன்றில், ஒரு கட்டுரையின் தலைப்பிலேயே காரைக்காலின் பெயர் இருந்தது. எழுதியவர் மொரிஸ் கொஸ்மன். பிழைப்புக்கு ரயில்வே பொறியாளர். மனமெல்லாம் புதையுண்ட சிப்பிகளில். காரைக்கால் மண்ணுக்கடியிலிருந்து எடுக்கப்பட்டுக் கப்பலேறிப் போன கிளிஞ்சல்களையும் சங்குகளையும் அவர் ஒவ்வொன்றாக ஆராய்ந்து வகைப்படுத்தினார். 1900, 1903, 1910 என்று மூன்று தவணைகளில் அந்த ஆய்வு அச்சானது. அவை பிளியோசீன் காலத்தவை, அதாவது இருபத்தைந்து லட்சம் ஆண்டுகளுக்கும் முந்தியவை என்பது அவர் முடிவு. புதிதாகத் தெரிந்த இனங்கள் சிலவற்றுக்கு ஊரின் பெயரையே சூட்டினார்.

அப்போது காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. 1739இல் தஞ்சை மராட்டியரிடமிருந்து அவர்களுக்கு வந்து, 1954 நவம்பர் 1இல் இந்தியாவோடு சேர்ந்த ஊர் இது. நெல்லும் துறைமுகமும் வரிக்கணக்குமாக நடந்த ஊரில் ஆய்வுக்கூடம் என்று ஒன்று தேவைப்படவில்லை. பொருள் இங்கே கிடைக்கும். அறிவு வேறெங்கோ உண்டாகும். சிப்பி காரைக்காலுடையது, கட்டுரை பாரிஸுடையது. மண்ணை வெட்டியவர், சலித்தவர், பொறுக்கிக் கட்டிக் கொடுத்தவர் ஆகியோரின் பெயர்கள் அக்காலத்து ஆய்வுகளில் வழக்கமாக வருவதில்லை.

இன்று ஏறக்குறைய 160 சதுர கிலோமீட்டரே உள்ள இந்தச் சிறு மாவட்டத்துக்குள், பேருந்தில் ஒரு நாளைக்குள் சுற்றி வந்துவிடக்கூடிய தூரத்தில், செருமாவிலங்கையில் 1987இல் தொடங்கிய பண்டித ஜவாஹர்லால் நேரு வேளாண் கல்லூரியும் ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. 2010இல் தொடங்கிய தேசியத் தொழில்நுட்பக் கழகம் திருவேட்டக்குடியில் இருக்கிறது. 2016 முதல் ஜிப்மரின் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஓ.என்.ஜி.சி.யின் காவிரிப் படுகை அலுவலகமும் இங்கேதான். கொஸ்மன் ஓட்டை வைத்துக் காலம் கணித்ததைப் போலவே, எண்ணெய் தேடும் புவியியலாளர்களும் துளையிட்டு எடுத்த மண்ணிலுள்ள நுண்ணிய ஓடுகளைப் பார்த்துத்தான் பாறையின் வயதைக் கணிக்கிறார்கள். 1964இல் காவிரிப் படுகையின் முதல் ஆழ்கிணறு தோண்டப்பட்டது. நிலஅதிர்வு அளவீடுகள், நம் வயலுக்குக் கீழே ஒரு மலைமுகடே புதைந்து கிடப்பதைக் காட்டின. அந்த முகட்டுக்கு வடக்கே தரங்கம்பாடிப் பள்ளம், தெற்கே நாகப்பட்டினப் பள்ளம். மேலே நாற்று நடும்போது யாருக்கும் தெரியாத நிலவமைப்பு இது. தெரிந்த பிறகு, எண்ணெய் எடுப்பதா பயிர் செய்வதா என்று சண்டையும் வந்தது. 2020இல் தமிழ்நாடு அரசு காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் செய்தது. தமிழ்நாட்டுச் சட்டம் என்பதால் அந்த எல்லைக்கோடு காரைக்காலைச் சுற்றிக்கொண்டு போகிறது. பாறைக்கு எல்லை கிடையாது, சட்டத்துக்கு உண்டு.

சிப்பிக்கு நூறாண்டுக்கு முன்பே இந்தக் கரையின் உயிர்கள் ஐரோப்பாவுக்குப் போகத் தொடங்கிவிட்டன. காரைக்காலிலிருந்து வடக்கே கொஞ்ச தூரத்திலிருக்கும் தரங்கம்பாடி அப்போது டேனிஷ்காரர் ஊர். லின்னேயஸிடம் பாடம் கேட்ட கூனிக் 1768இல் அங்கு வந்து இறங்கினார். 1776இல் ராட்லர் வந்தார். பின்னாளில் தமிழ் அகராதி தொகுத்தவரும் இவரே. பாதிரியார்களும் மருத்துவர்களும் சேர்ந்து செடி பறித்துத் தாளில் ஒட்டினார்கள், மீனைச் சாராயத்தில் ஊறப்போட்டார்கள், எல்லாவற்றையும் கப்பலில் ஏற்றினார்கள். ராட்லரின் செடித்தொகுப்பு இப்போது லண்டன் கியூ தோட்டத்தில் இருக்கிறது.

அந்தக் கூட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தவர் டால்டோர்ஃப் என்ற டேனிஷ் படை அதிகாரி. 1791இல் தரங்கம்பாடியில் ஒரு குளத்தை ஒட்டி நின்ற பனையின் பட்டை வெடிப்பில், தண்ணீர் மட்டத்துக்கு மேலே, ஒரு மீன் ஏறிக்கொண்டிருக்கக் கண்டதாக அவர் எழுதினார். 1797இல் லண்டன் லின்னேயஸ் சங்கத்தின் ஏட்டில் அது வந்தது. ஐரோப்பா வியந்தது. ஊரில் வியக்க ஒன்றுமில்லை. அதற்குப் பனையேறிக் கெண்டை என்று இங்கே ஏற்கெனவே பெயர் இருந்தது.

அந்த மீனைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். செவுள் மூடியின் ஓரம் ரம்பம் போலிருக்கும். தரையில் விட்டால் அந்த மூடியை விரித்து ஊன்றி, வாலால் உந்தி, ஒருக்களித்தபடி நகரும். ஈரத்துணி சுற்றிய பானையில் வைத்தால் மணிக்கணக்கில் உயிரோடிருக்கும். இது எப்படி என்பதற்கு விடை பிறகுதான் வந்தது. செவுளுக்கு மேலே மடிப்பு மடிப்பாக ஓர் உறுப்பு இருக்கிறது. அதில் ரத்தக்குழாய்கள் நிறைந்திருக்கின்றன. மீன் மேலே வந்து காற்றைக் கவ்வி அதில் அடைத்துக்கொள்கிறது. தரையில் ஊர்ந்து குளம் மாறும் என்பது உறுதியாயிற்று. மரமேறுமா என்பதில் பின்வந்தவர்கள் ஐயப்பட்டார்கள். பறவைகள் கவ்வி வந்து பனையில் விட்டிருக்கலாம் என்றார்கள். டால்டோர்ஃப் கண்டது ஒரு தரம், ஒரு மீன். இன்றைய ஆய்வுமுறை அதை ஏற்காது. மீண்டும் மீண்டும் நடக்கவேண்டும், எண்ணிக்கை வேண்டும், ஒப்பீடு வேண்டும். அது சரியான மாற்றம்தான். ஆனாலும் ஒரு குளக்கரையில் நின்று ஒரே மீனை அவ்வளவு நேரம் பார்க்கிற பொறுமை, இன்றைய ஆய்வுத்திட்டக் காலக்கெடுவுக்குள் அடங்குவது கடினம். வாய்க்காலும் வயலும் ஒன்றாகக் கலந்து கிடந்த மழைக்காலத்தில் கூட்டம் கூட்டமாகத் திரிந்த மீன், பூச்சிமருந்து வந்த பிறகு குறைந்தது என்று வயதானவர்கள் சொல்வதையும் சேர்த்து எழுதவேண்டும்.

நண்டின் கதை இன்னும் நெருக்கமானது. 1798இல், கீல் நகரத்துப் பேராசிரியர் ஃபப்ரீசியஸ், தரங்கம்பாடி நண்டு ஒன்றுக்கு அந்த ஊரின் பெயரையே வைத்தார். இன்று அதன் அறிவியல் பெயர் ஸ்கில்லா டிராங்குபாரிகா. சந்தையில் கொடுக்கைக் கயிற்றால் கட்டி உயிரோடு விற்கும் களி நண்டு இந்தக் குடும்பம்தான். பிறகு இருநூறு ஆண்டுகள் ஒரே குழப்பம். சிலர் எல்லாம் ஒரே இனம் என்றார்கள். சிலர் மூன்று, நான்கு என்றார்கள். 1998இல் கீனனும் அவருடைய கூட்டாளிகளும் மரபணுவையும் உடலமைப்பையும் சேர்த்துப் பார்த்து நான்கு இனம் என்று நிலைநாட்டினார்கள். அதன் பிறகு நம் கடற்கரை நண்டுகளை அதே முறையில் ஆராய்ந்தபோது தெரியவந்தது இது: இந்தியாவில் பெரிய பச்சை நண்டை ‘டிராங்குபாரிகா’ என்று பல பத்தாண்டுகள் எழுதிவந்தோம், அது உண்மையில் ‘செர்ரேட்டா’, சிறிய பழுப்பு நண்டை ‘செர்ரேட்டா’ என்றோம், அது ‘ஒலிவேசியா’.

மரபணு இல்லாமலும் வேறுபாட்டைக் காணலாம். நண்டை முகத்துக்கு நேரே பிடித்து இரு கண்களுக்கு நடுவே பாருங்கள். நான்கு பற்கள் உயர்ந்து முனைப்பாக நின்றால் பெரிய இனம். தாழ்ந்து உருண்டிருந்தால் சிறியது. கொடுக்கின் மணிக்கட்டில் வெளிப்பக்கம் இரண்டு முள் தெளிவாக இருந்தால் பெரியது. ஒன்று மழுங்கியிருந்தால் சிறியது. நண்டு கட்டும் பெண்கள் இதை விரலாலேயே பிரித்துவிடுகிறார்கள். அவர்கள் கையில் இரண்டுக்கும் விலை வேறு. அவர்களுக்கு என்றைக்கும் இருந்த பிரிவினையை ஆய்வேடுகள் அடைய இருநூறாண்டு ஆயிற்று. ஆனால் ஆய்வு வந்ததால்தான் குஞ்சு பொரிப்பகம் சாத்தியமாயிற்று. எந்த இனத்தின் தாய் என்று தெரியாமல் முட்டையெடுக்க முடியாது. இன்று சீர்காழிப் பக்கம் தொடுவாயில், கடல்பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையத்தின் ராஜீவ்காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையம் நண்டுக் குஞ்சு உண்டாக்குகிறது. கழிமுகச் சேற்றில் பிடித்ததை மட்டுமே நம்பிய நிலைமை மாறத் தொடங்கியிருக்கிறது. தரங்கம்பாடியின் பெயரைத் தாங்கிய இனம் மட்டும், மரபணு சொல்கிறபடி, தரங்கம்பாடிச் சந்தையில் நாம் காணும் நண்டு அல்ல.

மருத்துவத்துக்கு வருகிறேன். 1823 ஜனவரியில் பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியில் ஒரு மருத்துவப் பள்ளி தொடங்கினார்கள். இந்தியாவில் ஐரோப்பிய மருத்துவம் கற்பித்த முதல் பள்ளிகளில் அதுவும் ஒன்று. பாடம் பிரெஞ்சில். காரைக்கால் பிள்ளைகள் படிக்கவேண்டுமானால் புதுச்சேரி போகவேண்டும். காரைக்கால் நோயாளி பெரிய வைத்தியம் பார்க்கவும் அப்படியே, அல்லது தஞ்சாவூர். பள்ளியின் வாரிசான ஜிப்மர் 1964இல் அந்தப் பெயர் பெற்றது. ஐம்பதாண்டுக்கு மேல் கழித்து அது காரைக்காலில் காலூன்றியது. 1823க்கும் 2016க்கும் நடுவே 193 ஆண்டு; தூரம் என்னவோ நூற்றைம்பது கிலோமீட்டருக்குள்தான்.

இந்த இடைக்காலத்தில் மருத்துவ ஆய்வு நம் ஊரில் செய்த வேலையைப் பார்க்க வேண்டுமானால் யானைக்கால் நோயைப் பார்க்க வேண்டும். டெல்டாக் கரையெங்கும் ஒரு காலத்தில் அது வீட்டுக்கு வீடு தெரிந்த நோய். 1872இல் திமோதி லூயிஸ் கல்கத்தாவில் மனித ரத்தத்தில் நுண்புழுவைக் கண்டார். 1877இல் பேட்ரிக் மேன்சன் சீனத்தில் அது கொசுவின் உடலுக்குள் வளர்வதைக் கண்டார். அந்தப் புழு இரவில்தான் வெளி ரத்தத்துக்கு வரும் என்பதும் அவர்கள் காலத்துக் கண்டுபிடிப்பே. அதனால் ஆய்வும் இரவில்தான். 1955இல் தேசிய யானைக்கால் நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்த பிறகு, இரவு எட்டு மணிக்கு மேல் அரிக்கேன் விளக்கோடு ஊழியர்கள் வீடு வீடாகப் போய், தூங்குகிறவர்களை எழுப்பி விரல் நுனியில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். குழந்தைகள் அழுதன, ‘ரத்தம் உறிஞ்ச வந்திருக்கிறார்கள்’ என்று கதவைச் சாத்தியவர்களும் உண்டு. புழு தென்பட்டவருக்குப் பன்னிரண்டு நாள் மாத்திரை. பாதியிலேயே நிறுத்திவிடுவார்கள், காய்ச்சலும் தலைச்சுற்றலும் வந்தால் யார்தான் தொடர்வார்கள்?

இன்று பகலிலேயே ஒரு சொட்டு ரத்தம் போதும். பத்து நிமிடத்தில் ஒரு பட்டையில் கோடு தெரிகிறது. பள்ளிக்கூடத்தில் ஆறு, ஏழு வயதுக் குழந்தைகளைச் சோதித்தாலே பரவல் நின்றதா என்று முடிவு செய்யலாம். சிகிச்சையும் தலைகீழாயிற்று. நோயாளியைத் தேடி மருந்து கொடுப்பதற்குப் பதிலாக, ஊரில் எல்லோருக்கும் ஆண்டுக்கு ஒரே நாள் மாத்திரை. 2004இல் நாடு முழுவதும் இது தொடங்கியது. இந்த முறையின் பின்னால் புதுச்சேரியில் 1975இல் தொடங்கிய நோய்ப்பரப்பிக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தின் நீண்ட உழைப்பு இருக்கிறது. சாக்கடைத் தண்ணீரில் கொசுப்புழுக்களை எண்ணிய வேலை அது. எந்தக் கண்காட்சியிலும் வைக்க முடியாத அறிவியல். தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் பெரும்பாலான மாவட்டங்களில் அந்த ஆண்டு மாத்திரையே தேவையில்லை என்ற நிலைக்கு வந்திருக்கிறோம். ஏற்கெனவே வீங்கிய கால் உள்ளவர்களுக்கு மட்டும் எதுவும் மாறவில்லை. காலைக் கழுவித் துடைத்துப் புண்ணாகாமல் பார்த்துக்கொள்வதே அவர்களுக்கு இன்றும் மருத்துவம். ஒழிந்துபோன நோயின் கடைசி நோயாளி என்பது தனிமையான நிலை.

நெல்லில் அன்றும் இன்றும் என்றால், கடைமடையில் தொடங்கவேண்டும். அரசலாறும் நாட்டாறும் திருமலைராசனாறும் கடலைத் தொடுகிற இடங்களில் உப்பு உள்ளே வருகிறது. அந்த உவர்நிலத்துக்கென்று குழியடிச்சான் இருந்தது, களர்பாலை இருந்தது. உயரமாக வளரும், காற்றில் சாயும், ஏக்கருக்குக் கொஞ்சமே காணும். ஆனால் உப்பில் சாகாது. விதை வீட்டுக் குதிரிலிருந்தே வரும். 1922இல் ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி நிலையம் வந்தது. 1960களின் நடுவில் ஆடுதுறை 27 வந்தது. குறுகிய வயது, உரம் போட்டால் உரம் போட்ட அளவுக்கு விளைச்சல். பஞ்ச காலத்தில் நாட்டுக்குச் சோறு போட்டவற்றில் அதுவும் ஒன்று. அந்த நன்றியை மறந்துவிட்டுப் பழைய நெல்லைப் பற்றி ஏக்கமாக எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை. கூடவே, அதையடுத்த ஆண்டுகளில் பழைய விதைகள் குதிர்களிலிருந்து காணாமல் போயின என்பதும் உண்மை. திருத்துறைப்பூண்டிப் பக்கம் 2006இல் தொடங்கிய நெல் திருவிழாவின் வழியாக, நெல் ஜெயராமன் 170க்கும் மேற்பட்ட வகைகளைத் தேடிச் சேர்த்தார். 2018 டிசம்பரில் அவர் மறைந்தபோது டெல்டா அழுதது.

ஆய்வும் அதே பழைய விதைகளிடம்தான் திரும்பி வந்தது. வெள்ளத்தில் மூழ்கியும் சாகாத ஒடிசா நாட்டு நெல்லொன்றைக் கட்டாக்கில் நெடுங்காலம் முன்பே தெரிந்தெடுத்து வைத்திருந்தார்கள். 2006இல் அதிலிருந்து மூழ்கலைத் தாங்கும் மரபணு அடையாளம் காணப்பட்டது. அதன் வேலை விநோதமானது. சாதாரணப் பயிர் தண்ணீருக்குள் மூச்சுக்காக வேகமாக நீண்டு, இருப்பு மாவுச்சத்தையெல்லாம் செலவழித்துச் செத்துப்போகும். இந்த மரபணு உள்ள பயிர் வளர்ச்சியை நிறுத்திவிட்டு அப்படியே அடங்கிக் கிடக்கும். இரண்டு வாரம் கழித்துத் தண்ணீர் வடிந்ததும் மீண்டும் துளிர்க்கும். சம்பாவுக்கு நம் பக்கம் பெரிதும் பயிராகும் சி.ஆர். 1009 இப்போது இந்த மரபணுவோடும் கிடைக்கிறது. சோற்றின் ருசியும் வயதும் மாறவில்லை. நவம்பர் வெள்ளத்தில் பிழைக்கும் திறன் கூடியிருக்கிறது. செருமாவிலங்கை மாணவர்கள் உவர்நிலத்துக்கான ரகங்களை, அவை தேவைப்படும் ஊரில் இருந்துகொண்டே தேடுகிறார்கள். அவர்கள் சோதனை வயலின் உப்பும் பக்கத்து விவசாயி வயலின் உப்பும் ஒன்று. இது சிறிய ஆதாயம் அல்ல.

கடலில் மாறியது வடிவம். கட்டுமரம் எளிமையாகத் தெரியும். ஆனால் அது கூர்ந்து சிந்தித்த வடிவமைப்பு. மென்மரக் கட்டைகளை ஆணி இல்லாமல் கயிற்றால் பிணைத்தது. அலை அடித்தால் நீர் கட்டைகளின் இடைவெளியில் வடிந்துவிடும், கவிழ்ந்தாலும் மூழ்காது. கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்துக் காயப்போடுவார்கள். துறைமுகம் இல்லாத, அலை உடைகிற கரைக்கு இதைவிடப் பொருத்தமான கலம் இருந்ததில்லை. 1979இல் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு சென்னையில் வங்காள விரிகுடாத் திட்டத்தைத் தொடங்கியபோது, ஊய்விந் குல்பிராண்ட்சன் போன்ற கப்பல் வடிவமைப்பாளர்கள் இதே கரையில் இறங்கவும் ஏறவும் முடிகிற, இயந்திரம் பூட்டிய படகைத் தேடினார்கள். பல மாதிரிகள் அலையில் சோதிக்கப்பட்டன. பிறகு கண்ணாடியிழைப் படகு பரவியது. 2004 டிசம்பர் 26க்குப் பின், சுனாமி கொண்டுபோன கட்டுமரங்களுக்குப் பதிலாக நிவாரணமாக வந்தவையும் பெரும்பாலும் அவையே.

இன்று கிளிஞ்சல்மேட்டிலும் பட்டினச்சேரியிலும் மணலில் வரிசையாக நிற்பவை கண்ணாடியிழைப் படகுகளே. அவை அதிக தூரம் போகின்றன, பனிக்கட்டிப் பெட்டி சுமக்கின்றன, மீன் கெடாமல் வருகிறது. ஆனால் டீசல் வேண்டும், கடன் வேண்டும், இயந்திரம் நின்றால் நடுக்கடலில் காத்திருக்கவேண்டும். கட்டுமரக்காரர் தன் கலத்தைத் தானே கட்டினார், தானே பழுதுபார்த்தார். அந்த அறிவு மகன்களுக்குப் போகவில்லை. போகவேண்டிய தேவையும் இல்லை. கட்டைகளின் சாய்வு, பிணைப்பின் இறுக்கம் பற்றிய கணக்கு சில ஆய்வேடுகளில் மட்டும் பத்திரமாக இருக்கிறது.

சனி பகவான் கோயிலுள்ள திருநள்ளாற்றைச் சொல்லாமல் காரைக்காலின் வானத்தைப் பற்றி எழுத முடியாது. சனி சூரியனைச் சுற்ற ஏறக்குறைய இருபத்தொன்பதரை ஆண்டு எடுத்துக்கொள்கிறது. ராசிக்கு இரண்டரை ஆண்டு வீதம் பன்னிரண்டு ராசி. இதை நம் முன்னோர் வெறுங்கண்ணால் பார்த்தே கணித்தார்கள். அந்தக் கணக்கின் தரம் பற்றி ஓர் அந்நியரின் சாட்சியம் உண்டு. 1769இல் வெள்ளி சூரியனைக் கடப்பதைக் காணப் புதுச்சேரியில் காத்திருந்தார் பிரெஞ்சு வானியலர் லெ ஜான்டில். அன்று மேகம் மறைத்துவிட்டது. அங்கே தங்கியிருந்த நாட்களில் அவர் ஒரு தமிழரிடம் பஞ்சாங்கக் கணிதம் கற்றார். சோழிகளைப் பரப்பி, மனப்பாடமான வாக்கியங்களைக் கொண்டு அந்தத் தமிழர் போட்ட கணக்கில், 1765 ஆகஸ்ட் சந்திர கிரகணத்தின் நீளம் 41 விநாடி மட்டுமே குறைவாக வந்தது. அன்றைய ஐரோப்பாவின் சிறந்த அட்டவணை 68 விநாடி கூடுதலாகக் காட்டியிருந்தது.

அந்த வாக்கிய முறை இன்றும் திருநள்ளாற்றுக் கோயிலில் வழக்கில் இருக்கிறது. தொலைநோக்கி அளவீடுகளோடு திருத்திக்கொண்ட திருக்கணிதம் சனி கும்பத்தில் நுழைந்ததை 2023 ஜனவரி 17 என்றது. வாக்கியப்படி கோயிலில் பெயர்ச்சி விழா 2023 டிசம்பர் 20இல் நடந்தது. பதினொரு மாத இடைவெளி. பழைய கணக்கின் மூலஎண்களைச் சில நூற்றாண்டுகள் திருத்தாமல் விட்டதால் சேர்ந்த பிழை அது. கோயிலின் மரபு கோயிலுக்கு. அதில் எனக்கு மரியாதை உண்டு. செயற்கைக்கோள்கள் திருநள்ளாற்றுக்கு மேலே வரும்போது சில விநாடி நின்றுவிடுகின்றன, விஞ்ஞானிகளே வியக்கிறார்கள் என்று கைபேசிகளில் சுற்றும் செய்தியை மட்டும் என்னால் ஏற்க முடியாது. தாழ்ந்த பாதையில் விநாடிக்கு ஏழு கிலோமீட்டருக்கு மேல் ஓடுவதால்தான் செயற்கைக்கோள் மேலே இருக்கிறது. நின்றால் விழும். சோழி போட்டுக் கிரகணம் கணித்தவரின் வழியில் வந்தவர்களுக்கு இப்படி ஒரு பொய்ப் பெருமை தேவையே இல்லை.

மொழியைப் பற்றி ஒரு குறை. அன்று காரைக்காலைப் பற்றிய அறிவு பிரெஞ்சிலும் லத்தீனிலும் இருந்தது. இன்று ஆங்கிலத்தில் இருக்கிறது. மாவட்டத்துக்குள்ளேயே செய்த ஆய்வு, மாவட்டத்தின் மண்ணையும் நீரையும் நோயையும் பற்றிய ஆய்வு, அந்த ஊர்க்காரர் படிக்கும் மொழியில் இல்லை. நெடுங்காட்டில் நிலத்தடி நீர் உப்பாவது பற்றி யாரேனும் முனைவர் பட்டம் வாங்கினால், நெடுங்காட்டுக்காரருக்கு அதில் இரண்டு பக்கமாவது தமிழில் கிடைக்கவேண்டும். கல்லூரி வாசலுக்கு வந்த ஆய்வு கிராமத்துத் திண்ணைக்கு வர இது ஒன்றுதான் மிச்சம்.

இந்தக் குறை அதிகம் இல்லாத ஒரே துறை வானிலை. அதன் தொடக்கம் காரைக்காலிலிருந்து தினமும் மேலே போகிற பலூன். உலக வானிலை அமைப்பின் பட்டியலில் காரைக்காலின் எண் 43346. காலை ஐந்தரை, மாலை ஐந்தரைக் கணக்குக்காகப் பலூன் விடும் இடம் இது. வாயு நிரப்பிய வெள்ளை ரப்பர் பலூன் ஆளுயரத்துக்கு உப்பி நிற்கும். கீழே நூலில் ஒரு சிறு பெட்டி. கையிலிருந்து விட்ட கணமே விர்ரென்று ஏறும். போகப்போக வெளிக்காற்றின் அழுத்தம் குறையும், பலூன் பெருத்துக்கொண்டே போகும், முப்பது கிலோமீட்டர் உயரத்துக்குப் பக்கத்தில் வெடிக்கும். அதற்குள் வெப்பமும் ஈரமும் காற்றின் வேகமும் திசையும் பெட்டியிலிருந்து வானொலி அலையில் தரைக்கு வந்துவிடும்.

இந்தப் பெட்டியும் மாறியிருக்கிறது. எஸ்.பி. வெங்கடேசுவரன் முதலிய வானிலைத் துறை ஆய்வாளர்கள் இந்தியாவிலேயே உருவாக்கிய பழைய பெட்டிகளில் கடிகார வகை ஒன்று, விசிறி வகை ஒன்று. விசிறி வகையில், பலூன் ஏறுகிற வேகத்துக்கே ஒரு குட்டி விசிறி சுழலும். அது சுழலச் சுழல ஒவ்வொரு அளவுமானியாக மாறி மாறி இணைப்பு கிடைக்கும். மின்சாரம் சிக்கனமாக, நாட்டுப் பொருளால் செய்த அழகான யுக்தி. கீழே ஒருவர் வரைதாளில் கோடு போட்டு, அட்டவணை பார்த்து, கையால் கணக்கெழுதினார். இப்போதைய பெட்டி ஜி.பி.எஸ். மூலம் தன் இடத்தைத் தானே சொல்கிறது. எண்கள் கணினியில் நேராக விழுகின்றன. ராடாரும் அப்படியே. முன்பு இங்கிருந்த புயல் கண்டறி ராடாரில், வட்டத் திரையில் மின்னும் மழைமேகத்தை ஆள் உட்கார்ந்து பார்த்துப் புயலின் மையத்தைக் குறித்தார். இன்றைய டாப்ளர் ராடார், மேகத்துளிகள் நம்மை நோக்கி வருகின்றனவா, விலகுகின்றனவா, எவ்வளவு வேகத்தில் என்று அலையின் அதிர்வு மாற்றத்தை வைத்துச் சொல்கிறது.

1977 நவம்பர் 12இல் நாகப்பட்டினக் கரையில் புகுந்த புயலில் தமிழ்நாட்டில் ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2008 நவம்பர் 27 காலை காரைக்காலுக்குச் சற்று வடக்கே கரையேறிய நிஷா, காற்றைவிட மழையால் கொன்றது; ஒரத்தநாட்டில் ஒரே நாளில் 66 சென்டிமீட்டர் பெய்தது. 2018 நவம்பர் 16 நள்ளிரவுக்குப் பின் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கஜா வந்தபோது, காரைக்கால் ராடார் அதைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் முன்கூட்டியே முகாம்களுக்குப் போயிருந்தார்கள். மனித உயிர்ச்சேதம் பழைய புயல்களோடு ஒப்பிடக் குறைந்தது. தென்னைகள் விழுந்தன. தென்னைக்கு முகாம் கிடையாது. வேதாரண்யம், பேராவூரணிப் பக்கம் ஒரு தலைமுறை வருமானம் ஒரே இரவில் சாய்ந்தது. முன்னறிவிப்பால் செய்யக்கூடியது எது, செய்ய முடியாதது எது என்பதைக் கஜா தெளிவாகக் காட்டியது.

சுனாமி நாளில் நமக்கு எந்த எச்சரிக்கையும் வரவில்லை. 2007 அக்டோபரில் ஹைதராபாத்தில் தேசிய எச்சரிக்கை மையம் தொடங்கியது. 2012 ஏப்ரல் 11இல் சுமத்ரா அருகே 8.6 அளவில் பூமி அதிர்ந்தபோது சில நிமிடங்களிலேயே அறிவிப்பு வந்தது. கடல் எழவில்லை என்று தெரிந்ததும் விலக்கிக்கொள்ளப்பட்டது. ஊரெல்லாம் மேட்டுக்கு ஓடி, சாயங்காலம் திரும்பி வந்தார்கள்.

மீன்பிடிக் கிராமங்களில் அலையின் உயரமும் காற்றின் வேகமும் இப்போது தமிழில் கைபேசிக்கு வருகின்றன. பெரியவர்கள் அதைக் கேட்டுவிட்டு, கச்சான் திரும்பிவிட்டதா, வாடை விழுந்ததா என்று மணலில் நின்று தாங்களும் ஒருமுறை பார்க்கிறார்கள். இரண்டும் ஒத்துப்போகாத நாளில் கடலுக்குப் போவதில்லை. விவசாயிக்குச் செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் வேளாண் வானிலை அறிக்கை வருகிறது. எப்போது மருந்து அடிக்கலாம், எப்போது அறுவடையை முந்தவேண்டும் என்று அதில் இருக்கும். காரைக்காலில் ஏறிய பலூனின் எண்கள் உலகக் கணினிகளுக்குப் போய், மற்ற ஊர்களின் எண்களோடு கலந்து, மறுபடி காரைக்கால் மழையாக அந்த அறிக்கைக்குள் வந்து சேர்கின்றன. கடைமடைக்கு மேட்டூர்த் தண்ணீர் என்றைக்கு வந்து சேரும் என்பது மட்டும் அதில் இருப்பதில்லை. அதற்கு விவசாயி இன்னமும் மேல்மடையில் இருக்கும் உறவினருக்குப் போன் போட்டுக் கேட்கிறார்.